பாஸ்புக்கை எந்தக் கையால் கொடுக்கிறீர்கள்?

கேள்வி:

எனக்கு 43 வயது. தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் வங்கிக் காசாளராக இருக்கிறேன். 17 வருட சர்வீஸில் கணக்கில் ஒரு ரூபாய் பிசகியது கிடையாது. ஆனால் கடந்த ஒன்றரை வருடத்தில் என் மேல் மூன்று புகார்கள் போயிருக்கின்றன. மூன்றிலும் ஒரே வாசகம்: 'முகம் கொடுத்துப் பேசுவதில்லை.' போன மாதம் ஒரு பெரியவர், "பிச்சை போடற மாதிரி பாஸ்புக்கைத் தள்ளி விடறீங்களேம்மா" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். மேனேஜர் உள்ளே கூப்பிட்டு, "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னம்மா?" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். "ஒரு வார்த்தை கேட்டா இவ முதுகுதான் பதில் சொல்லுது" என்கிறார் மாமியார். ஒன்பது வயது மகன் தினமும் "அம்மா, கோவமா?" என்று கேட்கிறான். சத்தியமாக எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து பக்கவாட்டில் திரும்பித் திரும்பி கம்ப்யூட்டர் பார்த்துக் கழுத்து வலி. வீட்டுக்கு வந்தால் தலைவலி. அவ்வளவுதான்.

நாம் பேசுவதில் 7 சதவீதம்தான் வார்த்தை, மீதி 93 சதவீதம் உடல்மொழி என்று யூடியூபில் ஒரு பயிற்சியாளர் சொன்னார். சரியென்று கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினேன். கவுன்டரில் அப்படிச் சிரித்தபோது ஒரு அம்மா, "என்னப் பாத்தா சிரிப்பா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்து ஊரில் இரண்டு நாள் உடல்மொழிப் பயிற்சி, கட்டணம் 6,000 ரூபாய். சேரலாமா? இன்னொன்று. நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் சக ஊழியர்கள் இருவர் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா? அடுத்தவர் மனதில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த 6,000 ரூபாயை முடித்துவிடுவோம். சேர வேண்டாம். அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு கண் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மனநல ஆலோசகர் ஏன் கண் டாக்டரிடம் அனுப்புகிறார் என்று நினைப்பீர்கள். வருகிறேன்.

அதற்கு முன் 93 சதவீதக் கணக்கு. இதைச் சொல்லாத மேடைப் பயிற்சியாளர் இல்லை, அதனால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். கலிஃபோர்னியாவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. அந்த ஆய்வுகளில் கேட்கக் கொடுத்தவை முழு உரையாடல்கள் இல்லை, ஒற்றைச் சொற்கள். ஒன்றில், 'இருக்கலாம்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிரியமாக, பட்டும்படாமல், வெறுப்பாக என்று மூன்று குரலில் பதிவு செய்தார்கள். கூடவே முகப் படங்களைக் காட்டி, 'பேசுகிறவருக்கு எதிராளி மேல் பிரியமா, வெறுப்பா?' என்று கேட்டார்கள். விருப்பு வெறுப்பைச் சொல்லும் பேச்சுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று மெஹ்ராபியனே பிற்பாடு விளக்கியிருக்கிறார். யார் கேட்டார்கள்! நாளைக்கு உங்கள் கவுன்டரில் 'கையெழுத்து ஒத்துப்போகலை, மறுபடி போட்டுக் கொடுங்க' என்பதை வார்த்தையே இல்லாமல் முகத்தாலும் குரலாலும் 93 சதவீதம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆனாலும் அந்த ஆய்விலிருந்து உங்களுக்கு வேண்டிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். சொல் ஒன்று சொல்ல, குரலும் முகமும் வேறொன்று சொன்னால், கேட்பவர் சொல்லை விட்டுவிடுகிறார். இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், நம் வீடுகளில் புழங்கும் 'ஒண்ணுமில்ல' என்ற ஒரு சொல் போதும். உங்கள் மகன் கேட்கும்போது நீங்கள் சொல்லும் பதிலும் அனேகமாக அதுதானே? அவன் மறுநாளும் அதையே கேட்கிறான் என்றால், உங்கள் 'ஒண்ணுமில்ல'யை அவன் நம்பவில்லை.

இப்போது புகார்களைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று புகாரில் ஒன்றிலாவது 'சிரிப்பதில்லை' என்று எழுதியிருக்கிறதா? இல்லை. 'முகம் கொடுத்துப் பேசுவதில்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதைச் சிரிப்பு என்று மாற்றியது மேனேஜர். நீங்களும் அப்படியே வாங்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். முகம் கொடுப்பது என்பதை அந்தச் சொல்லில் இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் பக்கம் முகத்தைத் திருப்புவது. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. சிரித்த முகமா, சிரிக்காத முகமா என்பது அதற்கு அப்புறம்.

அதை ஏன் உங்களால் கொடுக்க முடியவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கழுத்து வலி என்ற பெயரில். 17 வருடத்தில் முதல் பதினைந்தரை வருடம் ஒரு புகாரும் இல்லை. ஒன்றரை வருடத்தில் மூன்று. ஒரு மனுஷியின் குணம் 41 வயதில் திடீரென்று மாறிவிடாது. மாறியது கட்டடம். பழைய கவுன்டரில் திரை உங்களுக்கு நேர் முன்னே, வாடிக்கையாளர் நிற்கும் திசையிலேயே இருந்திருக்கும். கண்ணை லேசாக உயர்த்தினால் ஆள் தெரிவார். புதுக் கட்டடத்தில் அதைப் பக்கவாட்டில் வைத்துவிட்டார்கள். இப்போது ஜன்னலுக்கு வருகிறவருக்கு முதலில் தெரிவது உங்கள் காதும் கன்னமும். முகம் கொடுப்பதில்லை என்று அவர்கள் எழுதியது வெறும் வர்ணனை, ஒருவேளை அதில் குற்றச்சாட்டே குறைவு. மேனேஜரிடம் போய்த் திரையை இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 'சிரிச்சாத்தான் என்ன' என்று கேட்டவர் ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைக்கட்டும்.

உங்கள் கடிதம் மனதில் இருந்ததால், போன வாரம் சொந்த வேலையாக ஒரு வங்கிக்குப் போனபோது டோக்கனை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் கேஷ் கவுன்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வருகிறார். செலானையும் பாஸ்புக்கையும் உள்ளே வைக்கிறார். காசாளர் நிமிராமல் எடுத்து, தட்டச்சு செய்யத் தொடங்குகிறார். வேலை நடக்கிறது, உண்மைதான். ஆனால் வெளியே நிற்பவருக்கு என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. சாதாரணப் பேச்சில் ஒருவர் கேள்வி கேட்டால், அடுத்தவர் பதிலைத் தொடங்க சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு நொடிதான் எடுத்துக்கொள்கிறார். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வு இப்படிச் சொல்கிறது. அந்த வேகத்துக்குப் பழகிய மனிதர், கண்ணாடிக்கு வெளியே 40 நொடி பதிலே இல்லாமல் நிற்கிறார். கையெழுத்து சரியில்லையா, பணம் ஏறவில்லையா, செலானைத் தப்பாக நிரப்பிவிட்டோமா என்று ஓடுகிறது மனது. கடைசியில் கண்ணாடியைத் தட்டி "என்னாச்சும்மா?" என்கிறார். உள்ளேயிருந்து "இருங்க" என்று வருகிறது. அந்தக் கவுன்டரில் அவர் கேட்ட முதல் வார்த்தையே 'இருங்க'தான்.

வெறும் முகத்துக்கு அர்த்தம் இல்லாமல் இருக்கலாம். பார்ப்பவர் அதை அப்படியே விடமாட்டார். தன் பயத்தை எடுத்து அதில் ஒட்டிவிடுவார். அதுவும் காரியம் ஆக வேண்டியவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும், 71ஆவதும் 110ஆவதும். இரண்டாவது காதலர்களுக்கு. அங்கே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் படித்துக்கொள்கிறார்கள். முதலாவது அமைச்சர்களுக்கு. அங்கே படிப்பவர் கீழே இருப்பவர், படிக்கப்படுவது மேலே இருப்பவரின் முகம். மாதம் ஒருமுறை முதியோர் உதவித்தொகை எடுக்க வருகிற பாட்டிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ராஜா. நீங்கள் ஒருமுறை புருவத்தைச் சுருக்கினால் அவருக்கு அது சபையின் தீர்ப்பு. உங்களுக்கு அப்படியெல்லாம் தோன்றாது என்பது எனக்குத் தெரியும், நீங்கள் பார்ப்பது திரையில் ஒரு கணக்கு எண்ணை.

அந்தப் புருவத்துக்குத்தான் கண் மருத்துவர். 40ஐத் தாண்டினால் வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கும். கிட்டத்தில் இருக்கும் சின்ன எழுத்து கலங்கும். பலர் இதைக் கவனிக்காமலே புருவத்தை நெரித்து, கண்ணைச் சுருக்கிச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் தலைவலி வரும். உங்களுக்கும் வருகிறது. புருவம் நெரிவதைப் பற்றி 1872இலேயே சார்லஸ் டார்வின் எழுதியிருக்கிறார். சிந்தனையிலோ செயலிலோ ஏதாவது கஷ்டம் எதிர்ப்படும்போது மனிதன் புருவத்தைச் சுருக்குகிறான் என்பது அவர் கவனித்தது. சுருக்குகிறவருக்கு அது சிரமம், எதிரில் நிற்பவருக்குக் கோபம். 'சிடுமூஞ்சி' என்று ஊரே பெயர் வைத்த ஒருவர், கண்ணாடி போட்ட இரண்டு வாரத்தில் 'ஆளே மாறிட்டீங்க' என்று பாராட்டு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியே தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு வரும், முகம் உப்பி அசைவு மந்தமாகும். மனச்சோர்விலும் முகத்தின் அசைவு குறையும். தூக்கம், பசி, பிடித்த வேலைகளில் நாட்டம் எல்லாம் குறைந்திருந்தால் அதைத் தனியாக எனக்கு எழுதுங்கள், அல்லது அருகிலுள்ள மனநல மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கடிதத்தின் துடுக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் கேட்பது என் கடமை.

சரி, அந்தப் பெரியவர் விஷயம். பிச்சை போடுவதுபோல் தள்ளினீர்கள் என்று சொன்னார் அல்லவா? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மௌஸ் உங்களுக்கு எந்தப் பக்கம்? வலப் பக்கம் என்றால், வலது கை அதன் மேல் இருக்கும். பாஸ்புக் வெளியே போவது இடது கையால். அதுவும் கண் திரையில் இருக்க, கையால் தூக்கிக் கொடுக்காமல் மேஜையோடு நகர்த்தி. நாம் இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்காத சமூகம். கொடுத்தாலும் 'இடது கை, தப்பா நினைக்காதீங்க' என்று சொல்லிக் கொடுப்போம். வெற்றிலை, பணம், பத்திரிகை எல்லாம் வலது கையில்தான், பெரியவர்களிடம் என்றால் இரண்டு கையிலும். அந்தப் பெரியவருக்கு 70 வயதுக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கண்ணுக்கு முன் நடந்தது இதுதான்: ஒரு பெண் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, இடது கையால், அவருடைய பாஸ்புக்கை அவர் பக்கம் ஒதுக்குகிறார். இத்தனையும் சேர்ந்தால் எனக்கே சுருக்கென்றிருக்கும். மௌஸை விட்டு, வலது கையால் எடுத்து, அவர் கை அதைத் தொடும்வரை பிடித்திருந்து கொடுங்கள். இதற்கு இரண்டு நொடி. நீங்கள் இடது கைப் பழக்கக்காரராக இருந்தால், இரண்டு கையாலும் கொடுத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கவுன்டரில் நான் உங்களை மாற்றச் சொல்வது இன்னும் இரண்டே இடம். ஒன்று, ஆள் வந்து நின்றதும் முகத்தை நிமிர்த்தி ஒரு 'வாங்க'. நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது அது முடியாது, எண்ணிக்கை போய்விடும். அப்போது உள்ளங்கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு எண்ணுங்கள். இன்னொன்று, திரைப் பக்கம் திரும்புவதற்கு முன் திரும்பப் போவதைச் சொல்லிவிடுங்கள். "பாத்துச் சொல்றேன் ஐயா", "இதோ எண்ணிட்டிருக்கேன் பாட்டி", "சிஸ்டம் சுத்துது, ஒரு நிமிஷம்." சொல்லிவிட்டுத் திரும்பினால், நீங்கள் திரும்பியது அவருடைய வேலைக்காக என்று ஆகிவிடும். சொல்லாமல் திரும்பினால் அவரைவிட்டுத் திரும்பியதாக ஆகிவிடும். இரண்டிலும் உடல் செய்வது ஒன்றேதான்.

இதில் நானே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். தொழிலுக்கு வந்த புதிதில், வருபவர் சொல்வதை ஒன்று விடாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். அக்கறை என்று என் நினைப்பு. ஒருநாள் கிராமத்திலிருந்து மகனைப் பற்றிப் பேச வந்த ஒரு தாய், பாதியில் நிறுத்திவிட்டார். நான் நிமிர்ந்து "சொல்லுங்கம்மா" என்றேன். "நீங்க எழுதி முடிங்கம்மா, அப்புறமா சொல்றேன்" என்றார், துளிக் கோபம் இல்லாமல். அவர் என்னிடம் பேச வந்தார், நான் அவரை நோட்டுப் புத்தகத்திடம் பேச விட்டிருக்கிறேன். இன்றுவரை ஆள் கிளம்பிய பிறகுதான் எழுதுகிறேன். சில விவரங்கள் மறந்துபோகின்றன, போகட்டும்.

கண்ணாடி முன் சிரித்துப் பழகியது ஏன் எடுபடவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். 1862இலேயே துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். வாயின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும். மனதார மகிழும்போது அதோடு சேர்ந்து கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும். அதை வேண்டும்போது இயக்குவது பலருக்கு எளிதில்லை. நீங்கள் பழகியது வாயை மட்டும். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது பல் மட்டும். அதுவும் அவர் என்ன மனநிலையில் வந்தாரோ, நகையை மீட்கப் பணம் போதாமல் வந்திருந்தால்? சிரிப்பு வரும்போது வரட்டும். வராத நாளில் 'வாங்க' போதும்.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அதே வங்கியில் சிரிக்காத ஆண் காசாளர் ஒருவர் இருந்தால் அவரைக் 'கறாரான ஆள்' என்பார்கள். மேனேஜர் அவரைக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்வாரா? அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோஷைல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதைத்தான் எழுதினார். சம்பளத்துக்கு வேலை செய்வதோடு, சம்பளத்துக்கு உணர்ச்சியையும் வரவழைத்துக் காட்டச் சொல்கிறார்கள், அது களைப்பு தரும் உழைப்பு, அதன் பெரும்பங்கு பெண்கள் தலையில் விழுகிறது என்று. வாடிக்கையாளருக்கு உங்கள் கவனம் உரிமை. சிரிப்பு உங்கள் விருப்பம்.

வீட்டுக்கு வருவோம். உங்கள் மாமியார் நல்ல வாக்கியம் சொல்லியிருக்கிறார், பொறாமையாக இருக்கிறது. முதுகுதான் பதில் சொல்கிறது! மாலை ஆறரை மணிக்கு அடுப்பில் குக்கர், மிக்ஸியில் சட்னி. வாசற்படியில் நின்று அவர் ஏதோ கேட்கிறார். நீங்கள் திரும்பாமலே, மிக்ஸிக்கு மேல் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி, "சரி அத்தை, பாத்துக்கலாம்" என்கிறீர்கள். வார்த்தை பணிவாகத்தான் இருக்கிறது. முதுகும் உயர்ந்த குரலும் அதைக் கெடுத்துவிடுகின்றன. மிக்ஸியை நிறுத்திவிட்டு, கரண்டி கையிலேயே இருக்கட்டும், தோளோடு திரும்பிப் பதில் சொல்லுங்கள். தலையை மட்டும் திருப்பினால் 'சீக்கிரம் சொல்லிட்டுப் போங்க' என்று அர்த்தமாகும், தோளும் திரும்பினால்தான் நின்று கேட்கிறீர்கள் என்று ஆகும். முடியாத நேரத்தில், "அத்தை, இதை இறக்கிட்டு வந்து உக்காந்து கேக்குறேன்" என்று சொல்லுங்கள். சொன்னால் போய் உட்காரவும் வேண்டும்.

உட்கார்ந்தால் ஊம் கொட்டுங்கள். கதை சொல்லும் பாட்டிகள் 'ஊம் கொட்டினாத்தான் சொல்வேன்' என்று நிபந்தனை போட்டது எவ்வளவு விவரம் தெரிந்து! கேட்பவர் வாயிலிருந்து வரும் அந்த 'ம்', 'ஆமா', 'அப்புறம்?' எல்லாம் சொல்பவருக்கு, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்ற தகவல். போனைப் பார்த்துக்கொண்டே கொட்டும் 'ம்' வேறு மாதிரி. அது கதையின் திருப்பத்தில் வராது, கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் வரும். உங்கள் கணவர் கொட்டும் 'ம்' எந்த வகை என்று உங்களுக்கு உடனே தெரியும்தானே. மாமியாருக்கும் தெரியும்.

மகன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனை உண்டு. கைக்குழந்தையோடு தாய் கொஞ்சி விளையாடுகிறார். பிறகு சொல்லிவைத்தபடி, முகத்தை அசைக்காமல், குழந்தையைப் பார்த்தபடியே சில நிமிடம் சும்மா இருக்கிறார். திட்டவில்லை, முறைக்கவில்லை. குழந்தை முதலில் சிரித்து இழுக்கப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. ஒன்றும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. அசையாத முகத்தையே ஒரு குழந்தையால் தாங்க முடியவில்லை. இதைப் படித்துவிட்டு ராத்திரி அழாதீர்கள். தாய் மறுபடி கொஞ்சத் தொடங்கியதும் குழந்தை மெல்லத் திரும்பி வந்துவிடுகிறது என்பதும் அதே சோதனையில் உள்ளது. முகம் அவ்வப்போது விலகிப் போவதை எந்தத் தாயாலும் தடுக்க முடியாது. திரும்பி வருவதுதான் முக்கியம்.

உங்கள் மகன் வளர்ந்த பிள்ளை, அழுவதற்குப் பதில் கேட்டுவிடுகிறான். கேட்கிற பிள்ளை கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 'ஒண்ணுமில்ல'க்குப் பதிலாக உங்கள் முகத்துக்கு நீங்களே அர்த்தம் சொல்லிவிடுங்கள்: "அம்மாவுக்குத் தலை வலிக்குதுடா, அதான் மூஞ்சி இப்படி இருக்கு. உன் மேல கோவம் இல்ல." நிஜமாகவே கோபம் இருக்கும் நாளில், "ஆமா, கோவம்தான், ஹோம்வொர்க் முடிக்காம டிவி பாத்ததுக்கு" என்று சொல்லுங்கள். இரண்டையும் சொன்னால்தான் முதலாவதை அவன் நம்புவான். வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வைத்துவிட்டு, போனை எடுக்கும் முன், அவன் இருக்கும் உயரத்துக்கு உட்கார்ந்து அவன் முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, அந்தச் சாப்பாட்டு அறை. அடுத்தவர் மனதில் இருப்பதை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அப்படி ஒரு வழி இல்லை, இருக்கிறது என்று விற்பவர்களிடமும் இல்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டெபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஏராளமான சோதனைகளை ஒன்றுசேர்த்து 2006இல் ஒரு கணக்குப் போட்டார்கள். எதிராளி சொல்வது பொய்யா மெய்யா என்பதை மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்பார்கள். நம் ஊரில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை, அதையே நேர்முகத் தேர்வில் செய்தால் தயக்கம், வகுப்பில் செய்தால் 'பாடத்தைக் கவனிக்கலை'. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் எதிர்ப்புக் காட்டுகிறார் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள், ஏசிக்கு நேர் கீழே நின்றால் நானும் கட்டிக்கொள்வேன். கவுன்டரில் கத்துகிறவர்களில் பாதிப்பேர் கோபக்காரர்கள் இல்லை, கண்ணாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகக் குரல் போய்ச் சேருமா என்று சந்தேகப்படுகிறவர்கள்.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த இருவரும் மற்ற யார் நுழைந்தாலும் பேச்சை நிறுத்துகிறார்களா, உங்களுக்கு மட்டுமா? நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறார்களா, தட்டைப் பார்க்கிறார்களா? வேறு காரணங்கள் எத்தனையோ இருக்கலாம்: ஒருவருக்குக் கடன் பிரச்சினை, ஒருவருக்கு வீட்டில் தகராறு, அல்லது மேனேஜரைத் திட்டிக்கொண்டிருப்பது. எனக்குத் தோன்றுவது இதுதான். நெரிந்த புருவத்தோடு நீங்கள் நுழைவதைப் பார்த்து, 'மேடம் கோவமா வர்றாங்க' என்று அவர்கள் வாயை மூடுகிறார்கள். அவர்கள் வாயை மூடுவதைப் பார்த்து, 'என்னைப் பற்றித்தான்' என்று உங்கள் புருவம் இன்னும் நெரிகிறது. இது என் ஊகம்தான், உங்கள் ஊகத்தைவிட உசத்தி இல்லை. நாளைக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மேஜையிலேயே போய் உட்காருங்கள். "என்ன குழம்பு?" என்று கேளுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் பேச்சு நிற்கிறது என்றால், இருவரில் உங்களுக்கு நெருக்கமானவரிடம் தனியாக நேரடியாகக் கேட்டுவிடலாம்.

உங்களை நீங்களே பார்க்க ஆசையாக இருந்தால் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. வீட்டில் சொல்லிவிட்டு, சாப்பிடும்போது போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் நடிப்பீர்கள், பிறகு மறந்துவிடுவீர்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், அடுத்து படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். பெரும்பாலானோருக்கு அதிர்ச்சி தருவது முகம் இல்லை, குரல். பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள், மாமியார் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடப் போகிறார்.

கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். இந்த மாதம் 15ஆம் தேதி மகளிர் உரிமைத்தொகை ஏறியதும் கூட்டம் வருமே, அன்றைக்கு உங்கள் வலது கையும் இடது கையும் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். அப்புறம் திரையை மேனேஜர் எந்தப் பக்கம் வைத்துக் கொடுத்தார் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.